கூட்டமாக சைக்கிளில் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

முதலில் பாதை. நாகர்கோவிலில் கிளம்பும் பலர் நேரே கன்னியாகுமரிக்கே விடுகிறார்கள்; போட்டோ நன்றாக வரும், ஆனால் புதிதாக வருகிறவர்களை மெயின் ரோட்டில் அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம். சுசீந்திரம் வரை அதில் போய், தேரூர் பக்கம் திரும்பினால் குளம், வயல், பறவைகள் என்று நிதானமாக ஓட்டலாம். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் என்றால் கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் உண்டு, அங்கே ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு ஓட்டுவது வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக்குப் போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி வரும்போதுதான் தெரியும், அதனால் பாதித் தெம்பை மிச்சம் வையுங்கள்.

எட்டு பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரியுங்கள், நடுவில் ஒரு பஸ் ஏறி ஒதுங்க இடம் இருக்கட்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில் வர வேண்டும், முன்னால் அல்ல. முன்னால் போகிறவர் குழியைப் பார்த்தால் கையைக் காட்டி, சத்தமாகவும் சொல்லட்டும்.

ஞாயிறு காலை பூசைக்கும் ஆராதனைக்கும் ரோட்டோரமாகக் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள். பின்னாலிருந்து மணியை அடித்து விரட்டாதீர்கள். தூரத்திலேயே ஒரு தடவை அடித்து, வேகத்தைக் குறைத்து, வரிசையாக வலப்பக்கம் விலகிப் போங்கள். அவர்கள் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஓடை மேல் ஸ்லாப் உடைந்திருக்கும், இல்லை நடைபாதையில் கடைச் சாமானும் பைக்கும் நிற்கும்.

அதைப் போட்டோ எடுங்கள், பக்கத்துக் கரண்ட் கம்பத்தின் எண்ணோடு. ஓடைக் கம்பி மூடியில் இடைவெளி ரோட்டின் போக்கிலேயே நீளமாக இருந்தால் ஒல்லி டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும், குறுக்காகப் போடச் சொல்லி எழுதுங்கள். நடைபாதை கேட்டால் 1.8 மீட்டர் அகலம் என்று கேளுங்கள், ரோடு போடுவதற்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான்.

யாரிடம் கொடுப்பது? தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள், மற்றதற்கு ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசுக் குறைதீர் பிரிவின் எண் 1100, இல்லாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். ஊராட்சி ரோடு என்றால் கிராம சபையில் அந்த ஊர்க்காரர் ஒருவரே எழுந்து கேட்கட்டும். ஒரு மனுவுக்கு ஒரு இடம் போதும். பத்தையும் ஒன்றாக எழுதினால் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றும். ரசீது எண்ணை வாங்கி குரூப்பில் போட்டுவிடுங்கள்.