மதுராந்தகம் பக்கம் நிலம் பார்க்கப் போகிறீர்களா? மண்ணை இப்படிப் பாருங்கள்

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் ஓர் ஏக்கர் வாங்க நினைப்பவர்கள், நிலத்தைப் பார்ப்பதற்கு முன்பே மரத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். "அண்ணே, மாந்தோப்பு போடலாம்னு இருக்கேன், வந்து இடத்தைப் பாருங்க" என்று கூட்டிப்போவார்கள். குடியிருப்பது நங்கநல்லூர் என்றாலும் நான் உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், அதனால் இந்த வேலை என் தலையில்தான் விழும். போய்ப் பார்த்தால் அது ஏரிப் பாசனத்து நெல் வயலாக இருக்கும். மாமரத்தின் வேர் தண்ணீர் தேங்கினால் தாங்காது. அங்கே நெல்லைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

தரகர் உங்களைச் சித்திரை வெயிலில்தான் அழைப்பார். அப்போது எல்லா நிலமும் ஒரே மாதிரி காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே வடிந்துவிட்டது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

மண்வெட்டி, கடப்பாரை, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். பக்கத்தில் கல் கட்டாத பழைய கிணறு இருந்தால் முதலில் அதை எட்டிப் பாருங்கள். மேலே செம்மண் எத்தனை அடி, அதற்குக் கீழே சரளையா, களியா, பாறை எங்கே தொடங்குகிறது என்று கிணற்றுச் சுவரிலேயே வரிவரியாகத் தெரியும். கிணறு இல்லையென்றால் மூன்றடிக் குழி ஒன்று வெட்டுங்கள். தரகர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இன்னொன்று: நிலம் சுற்று நிலங்களைவிட இரண்டு மூன்று அடி தாழ்ந்திருந்தால், செங்கல் சூளைக்கோ லாரிக்கோ மேல்மண்ணைக் கொடுத்த இடமாக இருக்கலாம். சில இடங்களில் அதன்மேல் சவுடு கொட்டி மட்டம் செய்திருப்பார்கள். மேலே பளிச்சென்று செம்மண், வெட்டினால் செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், அரையடிக்குக் கீழே ஒரு கைப்பிடி மண் எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் மணல். உருண்டை பிடித்து, கயிறாகத் திரிக்கும்போது உடைந்தால் இருமண்பாடு, அதாவது மணலும் களியும் கலந்த மண். மெல்லிய கயிறாகி, வளையமாக வளைத்தாலும் விரிசல் விடாமல் நின்றால் களி. கிழக்குக் கடற்கரை ஓரத்து மணலுக்குச் சவுக்கு, தென்னை. செம்மண் கலந்த மணற்பாங்குக்கு வேர்க்கடலை, தர்பூசணி. இறுகும் களியில் கடலை போட்டால், பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்கத் திணறும், பிடுங்கும்போது பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். களி நெல்லுக்கு.

மரம்தான் வேண்டும் என்பவர்கள் ஓரடிக் குழியில் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் மா, எலுமிச்சை, முருங்கை மூன்றையும் மறந்துவிடலாம்.

ஆய்வுக்கு மண் எடுப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். நிலம் முழுக்கப் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே விரிந்து கீழே குவியும்படி 15 செ.மீ. குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். மரப்பயிர் என்றால் 30, 60, 90 செ.மீ. ஆழத்து மண் தனித்தனிப் பையில். எங்கே கொடுப்பது என்று அந்த வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அறிக்கையில் கார அமில நிலை (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் கவலையில்லை. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் (EC) 4 dS/m-ஐத் தாண்டினால் உவர் நிலம். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் களர். இரண்டுக்கும் ஜிப்சம் போடு என்று சொல்லும் உரக்கடைகள் உண்டு. ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. உவருக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும், அதற்கு வடிகால் வேண்டும். களரை முழுசாகத் திருத்த முடியாவிட்டால் நெல்லி, சப்போட்டா, கொய்யா ஓரளவு தாங்கும்.

மண்ணோடு கிணற்றுத் தண்ணீரையும் ஒரு லிட்டர் கொடுத்துவிடுங்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் பல காலமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. அங்கே மண் நன்றாக இருந்தும் பாய்ச்சும் தண்ணீரே அதைக் கெடுக்கும்.

கடைசியாக ஒரு காகித வேலை. பட்டா பார்க்கும் அதே அரசு இணையதளத்தில் கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேடும் கிடைக்கும். அதில் மண் வயனம் (மண் வகை), தரம், தீர்வை (நிலவரி) என்று இருக்கும். பழைய கணக்குதான், ஆனாலும் பக்கத்துப் புல எண்களோடு ஒப்பிட்டால் தீர்வை அதிகம் விதித்த, அதாவது அன்றைக்கே நல்ல நிலம் என்று மதித்த இடம் எது என்று தெரியும். பயிர்க் கணக்கு எழுதும் அடங்கலில் கடந்த சில வருடம் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். வருடா வருடம் 'தரிசு' என்றே எழுதியிருந்தால், ஏன் என்று பக்கத்து வயல்காரரிடம் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.