கணினிக்குப் புரியாத ரெஸ்யூமே

தங்கை மகன் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா படித்தவன், என்எஸ் எனப்படும் சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டு வேலை தேடுகிறான். நாற்பது இடத்துக்கு மேல் அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை. “ரெஸ்யூமே அழகாத்தானே இருக்கு மாமா?” என்று காப்பிக்கடையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். அழகாகத்தான் இருந்தது. இடப்பக்கம் நீலப் பட்டை, அதில் போன் படம், எக்செலுக்கு நான்கு நட்சத்திரம், வலப்பக்கம் வேலை அனுபவம்.

நான் ஆள்சேர்ப்பில் பல வருடம் இருந்தவன். அந்த பிடிஎஃப்பில் இருந்த அத்தனையையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டச் சொன்னேன். “கிடங்கு உதவியாளர் எக்செல் ஜூரோங் தமிழ் ஆங்கிலம் 2022” என்று ஒரே வரியாக வந்து விழுந்தது. நட்சத்திரங்கள் வெறும் கட்டங்களாகிவிட்டன. போன் எண்ணைக் காணவே காணோம். அது படத்தோடு படமாக இருந்திருக்கிறது.

நிறுவனத்தின் மென்பொருளும் ஏறக்குறைய இப்படித்தான் படிக்கிறது. வொர்க்டே, டாலியோ, சக்சஸ்ஃபேக்டர்ஸ் என்று பெயர் எதுவானாலும், ஃபைலில் உள்ள எழுத்தை உருவி பெயர், போன், படிப்பு, வேலை என்று தனித்தனியாகப் போட்டு வைப்பதுதான் அதன் முதல் வேலை. பிறகு எச்ஆரில் ஒருவர் “ஃபோர்க்லிஃப்ட்” என்றோ “எஸ்ஏபி” என்ற மென்பொருளின் பெயரையோ தட்டித் தேடுவார். உங்கள் ரெஸ்யூமேயில் அந்தச் சொல் இல்லையென்றால் நீங்கள் அவர் கண்ணிலேயே படமாட்டீர்கள். ‘கணினி என்னை நிராகரித்துவிட்டது’ என்பதைவிட, ‘கணினியில் நான் அகப்படவில்லை’ என்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

ஆகவே பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம், டேபிள் வேண்டாம். போன் எண்ணையும் மின்னஞ்சலையும் ஹெடரில், அதாவது பக்கத்தின் மேல் ஓரப் பகுதியில், வைக்காதீர்கள், சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. அச்சடித்ததை ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படம், அதில் எழுத்தே கிடையாது.

அழகைவிடப் பெரிய தவறு சொல்லில் இருந்தது. என்எஸ்ஸில் அவன் ஸ்டோர்மேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் சரக்கு எண்ணி, பதிவு செய்து, கணக்கு ஒப்படைத்திருக்கிறான். ரெஸ்யூமேயில் அதற்கு “தேசிய சேவை முடித்தேன்” என்று ஒரே வரி! கிடங்கு வேலைக்குப் போகிறவன் மறைக்கக்கூடிய விஷயமா அது? வேலை விளம்பரம் “இன்வென்டரி கண்ட்ரோல்” என்று கேட்டால், அந்த வேலையை உண்மையிலேயே செய்தவர் அதே சொல்லைப் போட வேண்டும். “ஸ்டாக் பார்த்தேன்” என்றால் தேடலில் வராது. டபிள்யூஎஸ்கியூ (தொழில்திறன் சான்றிதழ்) போன்ற சுருக்கங்களை ஒருமுறை விரித்தும் எழுதுங்கள். எந்த வடிவத்தில் தேடுவார்கள் என்று யார் கண்டது?

இதற்காக விளம்பரத்தையே ரெஸ்யூமேயில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கும் வித்தையை யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உருவிய எழுத்துக்கு நிறம் கிடையாது. எங்கள் திரையில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

அப்புறம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி, பெயர். அடையாள அட்டையில் இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கு ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று இருக்கும். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும், சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காமல் அடம்பிடிக்கும். ரெஸ்யூமேயில் ஒரு விதம், படிவத்தில் ஒரு விதம், அரசாங்க வேலைத்தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சரில் இன்னொரு விதம் என்று போட்டால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிட வாய்ப்புண்டு. அந்தச் சாய்கோடு இல்லாமல் உங்கள் பெயர், அப்பா பெயர் என்ற வரிசையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அழைக்கிறவர் அப்பா பெயரைச் சொல்லி “மிஸ்டர்” என்று கேட்பார். “அவர் வேலைக்குப் போயிருக்கார்” என்று சொல்லி வைத்துவிடாதீர்கள்.

அடையாள அட்டை எண்ணைப் போடவே வேண்டாம். சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கக்கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இனம், மதம், திருமண நிலை, புகைப்படம் எதுவும் தேவையில்லை.

மென்பொருள் தானாகவே ஆளைக் கழிப்பது பெரும்பாலும் படிவத்தின் கடைசியில் வரும் கேள்விகளில்தான். வேலை அனுமதி வேண்டுமா, ஷிப்ட் பார்ப்பீர்களா, கார் ஓட்டும் கிளாஸ் 3 லைசென்ஸ் உண்டா? ரெஸ்யூமேக்கு மூன்று நாள் செலவழித்தவர்கள் இதை எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே தட்டிவிடுகிறார்கள். தங்கை மகனும் அப்படித்தான். பழைய விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தோம். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது, பதினோரு இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.