பிளாட்-சிக்ஸ் தேடுகிறீர்களா? முதலில் கியர்பாக்ஸைப் பாருங்கள்

நடுவில் எஞ்சின் வைக்கும் கிட் காருக்கு (பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டும் கார்) பிளாட்-சிக்ஸ், அதாவது பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின், தேடுகிறவர்கள் இரண்டு விஷயங்களில் மயங்குகிறார்கள்: சத்தம், குதிரைத்திறன். இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 800 கிலோ காரில் 200 குதிரைத்திறன் என்பதே பயமுறுத்தும் வேகம். காசையும் காலத்தையும் விழுங்குவது எஞ்சின் அல்ல, அதைச் சுற்றி வந்தாக வேண்டிய சாமான்கள்தான். அவற்றில் முதலாவது கியர்பாக்ஸ்.

போர்ஷே 904 வடிவத்தில் விற்கும் நகல் கிட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் வந்த அசல் 904, எஃகுச் சட்டத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் உடலை ஒட்டிய கார். பெரும்பாலானவற்றில் நான்கு சிலிண்டர்தான். சிலவற்றில் மட்டும் 911-இன் ஆறு சிலிண்டரை போர்ஷேவே பொருத்தியது. ஆகவே இதில் பிளாட்-சிக்ஸ் வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் ஒருவர் பழைய 911-இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார். ஒரே காரிலிருந்து கழற்றிய ஜோடிதானே, பிரச்சினை வராது என்ற நினைப்பு.

வரும். 911-இல் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது, கியர்பாக்ஸ் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. நடு எஞ்சின் காரில் இந்த ஜோடியை அப்படியே திருப்பி வைக்க வேண்டும். திருப்பியதும் சக்கரங்கள் சுற்றும் திசையும் மாறிவிடும். முதல் கியர் போட்டால் கார் பின்னால் போகும். ஐந்து ரிவர்ஸ், முன்னால் போக ஒரே ஒரு கியர். இதைச் சரிசெய்ய சக்கரங்களை ஓட்டும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை, அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கியர்பாக்ஸில் இது எளிய வேலை. வேறு சிலவற்றில் கேசிங்கைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், சிலவற்றில் இடமே இருக்காது. கியர்பாக்ஸ் எண்ணைச் சொல்லி, அதே வகையைத் திருப்பிய பட்டறையில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கியர் கம்பி. 911-இல் ஓட்டுநர் பக்கம் பார்த்து இருந்த இணைப்பு, திருப்பிய பிறகு காரின் வாலைப் பார்க்கும். நடு எஞ்சின் போர்ஷே 914-இலும் இதே தலைவலிதான். ஆரம்ப மாடல்களில் நீண்ட கம்பி எஞ்சினைக் கடந்து கியர்பாக்ஸின் வால்வரை போனது; எந்த கியர் விழுகிறது என்பதைக் கை உணர்வதற்குள் சந்திப்பு தாண்டிவிடும். 1973 மாடலில் இணைப்பைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். போர்ஷேவுக்கே மூன்று வருடம் ஆனது என்றால் வீட்டுக் கொட்டகையில் எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போர்ஷே பாக்ஸ்டரின் கியர்பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை, அது நடு எஞ்சினுக்கென்றே செய்தது. பிளாட் எஞ்சினுக்குப் பெயர்போன சுபாருவிலும் திசை சரியாகவே வரும். ஆனால் அது நான்கு சக்கர ஓட்டத்துக்கான பெட்டி. முன், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பகிரும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டி, பின்பக்க வாயை அடைத்து, இரு சக்கர ஓட்டத்துக்கு மாற்ற வேண்டும். (செவ்ரோலே கோர்வேர் ஒரு வினோதம். அதன் பிளாட்-சிக்ஸ் மற்ற எஞ்சின்களுக்கு எதிர்த் திசையில் சுற்றும். எனவே திருப்பி வைத்த பீட்டில் கியர்பாக்ஸோடு சேர்த்தால் எதையும் மாற்றாமலே கார் முன்னால் போகும்.)

இனி எஞ்சின். சுபாரு சிக்ஸ் எல்லாம் ஒன்று என்று நினைப்பது பரவலான தவறு. எஸ்விஎக்ஸ் காரின் 3.3 லிட்டர் இஜி33 மலிவாகக் கிடைத்தால் ஆசை வரும். அந்தக் கார் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே விற்றது, ஆகவே மேனுவலுக்கான ஃப்ளைவீலும் கிளட்சும் தனியாகத் தேட வேண்டும். அது டைமிங் பெல்ட் எஞ்சின் வேறு. நடு எஞ்சின் காரில் பெல்ட் பக்கம் இருக்கையின் பின்சுவரைப் பார்த்து நிற்கும். சுவரில் கழற்றக்கூடிய பலகை வைக்காமல் கட்டினால், பெல்ட் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். சுபாருவின் பிந்தைய சிக்ஸ்களான இஇசட்30, இஇசட்36 இரண்டும் செயின் வகை, அந்தக் கவலை இல்லை. ஆனால் இஇசட்30-இன் முதல் வகையில் ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மூடி) ஒரே எக்ஸாஸ்ட் துளை, பிந்தைய 'ஆர்' வகையில் மூன்று. ஒன்றின் குழாய் மற்றதில் உட்காராது. 'ஆர்' வகையில் த்ராட்டிலும் மின்னணு. ஈசியு (எஞ்சினை ஆளும் கணினி), வயரிங், பெடல், சாவி எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். முடிந்தால் விபத்தில் அடிபட்ட முழுக் காரையே வாங்கிவிடுங்கள். மீதியைக் காயலான் கடைக்குப் போட்டாலும் கணக்கு சரியாக வரும்.

குளிர்விப்பில் ஒரு சின்னத் தவறு பெரிய ஆட்டம் காட்டும். சுபாருவில் ரேடியேட்டர் தண்ணீருக்குச் சூட்டைப் பொறுத்து வழி திறக்கும் தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. ஹீட்டர் வழியாகத் திரும்பும் சுடுதண்ணீர் பட்டால்தான் எஞ்சின் சூட்டை அது உணரும். இந்தக் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று இரண்டு குழாயையும் அடைத்துவிடுகிறார்கள். உடனே தெர்மோஸ்டாட் தாமதமாகத் திறக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மூடிக்கொள்ளும், சூட்டு முள் மேலும் கீழும் அலையும். ரேடியேட்டரைக் குறை சொல்லிப் பெரியதாக மாற்றுவார்கள், பலன் இருக்காது. ஹீட்டர் வேண்டாம் என்றால் அந்த இரண்டு வாய்களையும் ஒரு குழாயால் இணைத்துவிடுங்கள், அடைக்காதீர்கள்.

பிளாட் எஞ்சின் என்றாலே தரையோடு ஒட்டிப் படுக்கும் என்பது பாதி உண்மை. எக்ஸாஸ்ட் ஹெட்டுக்கு அடியில் இறங்குகிறது, அதற்கும் கீழே எண்ணெய் தேங்கும் சம்ப். கல்லில் இடிக்கிறதே என்று சம்பை வெட்டிக் குறைத்தால், நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கத்து ஹெட்டில் போய்த் தேங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அகலத்தைக் கூட்டி, உள்ளே தடுப்புத் தகடும் வையுங்கள்.

போர்ஷேவின் தண்ணீர்க் குளிர்விப்பு எம்96 எஞ்சின், அதாவது 986 வகைப் பாக்ஸ்டரிலும் 996 வகை 911-இலும் வந்தது, விலையைப் பார்த்தால் கைக்கு எட்டும். வால்வுகளை இயக்கும் கேம் செயின்களை ஓட்டும் இடைத்தண்டின் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்பது ஊரறிந்த கதை. எஞ்சின் வெளியே இருக்கும்போதே அதை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். 2006 முதல் 2008 வரையிலானவற்றில் பேரிங் பெரியது, உடைவது அரிது, ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் கழற்ற முடியாது. 2009 முதல் வந்த புது வடிவில் அந்தத் தண்டே கிடையாது. பேரிங்கைவிட நான் அஞ்சுவது சிலிண்டர் சுவர்க் கீறலுக்குத்தான். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். சம்ப் தகட்டைக் கழற்றிக் கீழிருந்து பாருங்கள். ஆயில் ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். மடிப்புகளில் உலோகத் துகள் மின்னினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

காற்றுக் குளிர்விப்புச் சிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை, இன்றைய விலையில் கிட்டைவிட எஞ்சினே அதிகம் கேட்கும். வாங்குகிறவர் 1974-77-இன் 2.7 லிட்டரைத் தவிர்க்கட்டும். அதன் மெக்னீசியக் கேஸில் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். 911 எஸ்சியின் 3.0 அலுமினியக் கேஸ் கொண்டது, உழைக்கும். எதுவானாலும் எஞ்சினைச் சுற்றித் தகடு அடைத்து, வெளியேறும் சூட்டுக் காற்று மறுபடி ஃபேனுக்குள் புகாமல் தடுக்க வேண்டும். தனி எண்ணெய்த் தொட்டிக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

பிரிட்டனில் கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. வீட்டில் கட்டிய காரைச் சாலைக்கு அனுமதிக்கும் ஐவிஏ பரிசோதனையில் எந்தப் புகை அளவு பொருந்தும் என்பதை எஞ்சினின் வயது தீர்மானிக்கிறது. அந்த வயதுக்கு ஆதாரம் காட்டும் பொறுப்பு உங்களுடையது. எஞ்சின் எண்ணோடு கூடிய ரசீதையும், அது எந்தக் காரிலிருந்து கழற்றியது என்ற தாளையும் விற்பவரிடம் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.