விண்மீன் காற்றின் வேகத்தை நீங்களே அளக்கலாம்

சூரியனைப் போல 20, 30 மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் தங்கள் மேற்பரப்பு வாயுவைக் காற்றாக ஊதித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஊதுவது அவற்றின் ஒளிதான். கார்பன், இரும்பு போன்றவை ஒளியை உறிஞ்சி உந்தப்படுகின்றன. ஹீலியத்தைவிடக் கனமான எல்லாமே வானியலில் உலோகம்தான். அது குறைந்தால் காற்றும் தளர்ந்துவிடும். அந்த விண்மீன் சாகும்போது எவ்வளவு நிறை மிஞ்சும் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் நம் பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் மேகம். சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தூரம்; உலோகம் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

முதலில் தரவு. புற ஊதா ஒளியை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிதான் கதி. 2020 முதல் 2023 வரை நடந்த யுலிசஸ் என்ற ஹப்பிள் திட்டத்தின் நிறமாலைகள் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவுகள்) மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குள்ள வகை விண்மீன்களில் காற்றின் தடயம் மங்கலாக இருக்கும். ஆரம்பத்துக்கு ஓ வகை (மிகச் சூடான வகை) மீப்பெரு விண்மீன் ஒன்றை எடுங்கள். சிறிய மேகத்திலுள்ள ஏவி 83 நல்ல தேர்வு.

கோப்பை பைத்தான் நிரல்மொழியில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல்தொகுப்பு கொண்டு திறங்கள். அட்டவணையில் ஒரே ஒரு வரிசைதான் இருக்கும், அலைநீளம் முழுவதும் அதற்குள் ஒரே பட்டியலாக. அந்த முதல் வரிசையை எடுத்தால்தான் வரைபடம் வரும்.

அப்புறம் 1530 முதல் 1565 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) வரை மட்டும் வரையுங்கள். இடப்பக்கம் ஒரு பள்ளம், வலப்பக்கம் ஒரு மேடு. இதுதான் பி சிக்னி வடிவம். மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பனின் வேலை இது. நம்மை நோக்கி வரும் காற்று ஒளியை விழுங்குவதால் பள்ளம் நீலப்பக்கம் நகர்கிறது.

இனி நிதானமாகச் செய்ய வேண்டிய இடம். இது இரட்டைக் கோடு: 1548.2, 1550.8. இடைவெளியை வேகமாக மாற்றினால் விநாடிக்கு 500 கிலோமீட்டர்தான் என்பதால் இரண்டு பள்ளங்களும் ஒன்றாகிவிடும். எனவே 1548.2-ஐ அடிப்படையாக வைத்து, பள்ளத்தின் அடித்தளம் மேலே ஏறத் தொடங்கும் இடது முனையைக் குறியுங்கள். சரிவு முடியும் இடத்தைக் குறித்தால் காற்றின் கொந்தளிப்பும் சேர்ந்து வேகம் கூடிவிடும். ஊசி போன்ற மெல்லிய கோடுகள் வழியிலுள்ள வாயுவினுடையவை, விட்டுவிடுங்கள்.

முனை 1540.0 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8.2. அதை 1548.2-ஆல் வகுத்து ஒளிவேகத்தால் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 1,590 கிலோமீட்டர். அந்த மேகமே விநாடிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போவதால் அதையும் கூட்டுங்கள்: விநாடிக்கு 1,740 கிலோமீட்டர்.

ஒரு எச்சரிக்கை: பள்ளம் சுழியத்தைத் தொட்டுவிட்டால் வேகம் கிடைக்கும், நிறை இழப்பு கிடைக்காது. அதற்குக் கணினி மாதிரிகள் வேண்டும்.

சரி, உலோகக் குறைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பெரிய மெகல்லன் மேகத்திலிருந்து இதே வகை விண்மீனை எடுத்து, 1600 முதல் 1700 வரை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். அங்கே உலோகம் சூரியனில் பாதி, விலகும் வேகம் விநாடிக்குச் சுமார் 270 கிலோமீட்டர், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். இரும்புக் கோடுகள் நெருக்கியடிக்கும் பகுதி அது. சிறிய மேகத்து விண்மீனில் அவை ஆழம் குறைந்து தெரியும்.