போர்ச் செய்தியும் மகளின் அச்சமும்: என் அனுபவம்

2025 மே 7 ஆம் தேதி பாகிஸ்தானுக்கு எதிரான இந்திய ராணுவ நடவடிக்கையான 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியதிலிருந்து 10 ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்படும் வரை, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அபாயச் சங்கின் ஒலி ஓயவில்லை. கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்ததைக் கேள்விப்பட்ட என் மகள், சேலத்தின் கோடைப் புழுக்கத்திலும் சன்னல்களை அடைத்துத் தாழிட்டுவிட்டு, "அப்பா, நம்ம இரும்பாலை மேல குண்டு போடுவாங்களா?" என்று கேட்டாள்.

"சாமி பார்த்துக்கும், தூங்கு" என்று வாயடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தையின் கேள்விக்கு விடை சொன்ன பிறகே வழிபாடு துணை நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பள்ளி வரைபடத்தை விரித்து, பாகிஸ்தான் எல்லை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதை அவள் விரலாலேயே அளந்து பார்க்கச் செய்தேன்.

பிறகு என் தாயார் அவளைக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்று, அம்மனுக்கு உப்பும் மிளகும் போடச் செய்து, யாருக்காக வேண்டிக்கொள்ளலாம் என்பதை அவளிடமே விட்டுவிட்டார். படைவீரர்களையும் ஜம்முவில் வீடு விட்டுப் போனவர்களையும் சொன்னவள், "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களையும் சொல்லலாமா, அப்பத்தா?" என்று தயங்கினாள். "ஆத்தாளுக்கு எல்லாமே பிள்ளைதானே, கண்ணு" என்றார் தாயார்.

அந்த ஒரு சொல், நான் காட்டிய வரைபடத்தைவிட ஆழமாக அவளுக்குள் இறங்கியது. இப்போது செய்திகளைக் காலையில் நாளிதழிலிருந்து நானே வாசித்துச் சொல்கிறேன். மாலை விளக்கேற்றும்போது அன்றைய செய்தியில் துயருற்றவர்களுக்காக அவள் வேண்டிக்கொள்கிறாள்.