கேமரா ஷட்டர் தேய்ந்துவிட்டதா? ஒரு வெள்ளைச் சுவர் போதும்

தனுஷ்கோடி, அரியமான் என்று கல்யாண ஜோடிகளைக் கூட்டிப்போய்ப் படமெடுக்கும் தம்பிகளுக்கு இது. அந்த வெயிலில், ஒளியை உள்ளே விட்டு மூடும் திரையான ஷட்டரின் வேகம் 1/4000 விநாடி வரைகூடப் போகும். தேய்ந்த ஷட்டர் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பகலில், நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவரை எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். ட்யூப்லைட்டும் வேண்டாம், அதன் துடிப்பே படத்தில் பட்டை போடும். மேனுவல் மோடில் அப்பெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துவாரத்தை) முழுதாகத் திறந்துவிட்டு, 1/250 வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, 1/500-க்கு 200, இப்படியே 1/4000-க்கு 1600. எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். நான்கு மூலையும் லேசாக இருண்டால் அது லென்ஸின் இயல்பு. வேகம் கூடக்கூட ஓர் ஓரம் மட்டும் இருண்டாலோ, கறுப்புப் பட்டை விழுந்தாலோ ஷட்டர் திரை சரியாக ஓடவில்லை. ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படமாவது எடுங்கள்; கோளாறு பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் வரும்.

அப்புறம் வீடியோ எடுத்துப் பாருங்கள். அப்போது ஷட்டர் திறந்தே இருக்கும். வீடியோ சுத்தமாக இருந்து போட்டோவில் மட்டும் பட்டை என்றால், படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேல் பழி போடாதீர்கள்.

கடற்கரை மணல் ஷட்டர் தகடுகளுக்குள் போயிருந்தாலும் இதே தொல்லை வரும். விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். மெல்லிய தகடு, மடங்கிவிடும். முகூர்த்த நாள் புக்கிங் இருந்தால் வேறு கேமரா பாடிக்கு ஏற்பாடு செய்துவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.