பிறப்பால் குடியுரிமை: அமெரிக்கச் சட்டச் சண்டையைப் படிப்பது எப்படி

அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு அப்பா அம்மா யார் என்று பார்த்துக் குடியுரிமையை மறுக்கலாமா என்று ஒரு சண்டை ஓடுகிறதே, அது புரிய வேண்டுமானால் முதலில் செய்தியை மூடிவிட்டு 1868-இல் வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்தின் முதல் வரியைப் படியுங்கள். பெற்றோர் என்ற சொல்லே அதில் கிடையாது. அங்கே பிறந்திருக்க வேண்டும், அந்நாட்டின் 'அதிகார வரம்புக்கு உட்பட்டு' இருக்க வேண்டும். மொத்தச் சண்டையும் இந்த இரண்டாவது துண்டில்தான்.

அப்புறம் 1898 வாங் கிம் ஆர்க் தீர்ப்பு. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், பெற்றோர் சீனர்கள், ஆனாலும் குடிமகன்தான் என்றது உச்ச நீதிமன்றம். பெற்றோர் அங்கேயே குடியிருந்தவர்கள் என்று வரும் இடங்களைக் கோடிட்டு வையுங்கள், குடியுரிமையை மறுக்கலாம் என்கிற தரப்பு பிடித்துத் தொங்குவது அதைத்தான். விதிவிலக்குகளையும் பாருங்கள்: வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், ஆக்கிரமித்த எதிரிகளின் பிள்ளைகள் என்று போகும். விசா முடிந்தவர்களின் பிள்ளைகளை அதில் எப்படி நுழைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக, 2025 ஜனவரி 20 அதிபர் ஆணை. தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தையும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இல்லையென்றால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்கிறது. தாய், தந்தை என்றால் உயிரியல் பெற்றோர் என்று விளக்கமும் வைத்திருக்கிறார்கள், அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சரி, கருமுட்டை ஒருவருடையது, சுமந்து பெற்றவர் வேறொருவர் என்றால் யாருடைய விசாவைப் பார்ப்பார்கள்?